மேற்கே போன தண்ணீர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். மலைக்கு இந்தப் பக்கம் நாம். அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆறு. ஐப்பசியில் மேகம் நம் தலைக்கு மேலே கூடி, நம் கண் முன்னாலேயே மலை ஏறிப் போய், சுமையை அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். நமக்கு வருவது நாலு ஓடையும் கொஞ்சம் ஈரக்காற்றும்தான். பெரியாறு என்று பேர் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரெல்லாம் மேற்கே இறங்கி மலையாளத்துக் கடலுக்குப் போய்விடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த ஆற்றின் மேல் கோபம் உண்டு. பெற்ற வீட்டை எட்டிப் பார்க்காத பிள்ளை மேல் இருக்கிற கோபம்.

அந்த ஆற்றை வெள்ளைக்காரன் மறித்தான். மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினான். சரி, இனி நம் பக்கம் வரும் என்று பார்த்தால், திரும்பிய ஆறும் மதுரைச் சீமைக்குப் போய்விட்டது. மதுரை ஏற்கெனவே ஆற்றை வைத்துப் பெரிய ஊரான ஊர். இருக்கிறவனுக்கே இன்னொரு அகப்பை. எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு பெருமை. சித்திரையில் அழகர் வைகையில் இறங்க வேண்டுமானால் எங்கள் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை அங்கே போய்ச் சேர வேண்டும். ஆறு அவர்களுக்கு, மாலை நமக்கு என்று சொல்லிக்கொண்டு கம்மஞ்சோற்றைத் தின்றுவிட்டுப் படுப்போம்.

பெரியாற்று வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கங்காணி வந்தபோது, செண்பகத்தோப்புப் பாதையோரத்துக் குடிசைகளிலிருந்து இரண்டு பேர் போனார்கள். கல்லுடைக்கிற ஏசுவடியான் ஒருவன். பக்கத்துக் குடிசைச் சோலைச்சாமி இன்னொருவன். சோலைச்சாமி நெட்டை ஆள், குனியாமல் எந்த வாசலுக்குள்ளும் நுழைய முடியாது. இடது காது மடல் கடுக்கன் இழுத்துக் கிழிந்து இரண்டாகத் தொங்கும். சித்திரை வைகாசியில் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து வேலையை நிறுத்தி எல்லாரையும் கீழே அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்தக் குடிசைப் பெண்களுக்குச் சித்திரை என்றால் வெயில் நினைவுக்கு வராது, புருசன் வருகிற மாசம் என்றுதான் நினைவுக்கு வரும். மூன்று வருசம் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வந்தார்கள். நாலாவது வருசம் ஏசுவடியான் மட்டும் வந்தான்.

சோலைச்சாமி அதற்கு முந்தின ஐப்பசியிலேயே செத்துப்போயிருந்தான். ஊரில் அது தெரிந்தது ஏசுவடியானுக்கும் அவன் பெண்டாட்டி ஏசம்மாளுக்கும் மட்டும்தான். சோலைச்சாமியின் பெண்டாட்டி பிச்சையம்மாளுக்குத் தெரியாது. ஏழு வருசமாகத் தெரியாது. கதை இவ்வளவுதான். இதை எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி, ஏசுவடியானுக்கும் சரி, நமக்கும் சரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது வருசம் பங்குனி மாதம், ராஜபாளையத்து ராஜு ஒருவருடைய நிலத்தில் ஏசுவடியான் கிணறு வெட்டிக்கொண்டிருந்தான். ஆறு ஆள் மட்டம் இறங்கியும் பாறைதான். ராஜு தினமும் வந்து எட்டிப் பார்த்து, "நீள்ளு ஒச்சினாயா?" என்று தெலுங்கில் தண்ணீரை விசாரிப்பார். "இன்னும் இல்லை சாமி" என்று பாறைக்குள்ளிருந்து இவன் குரல் மட்டும் மேலே வரும். உளியைப் பாறையில் நட்டு, சம்மட்டியால் ஒரு அடி, உளிக்கு ஒரு திருப்பு, மறுபடி ஒரு அடி என்று விடிந்ததிலிருந்து குழி போட வேண்டும். ஒரு முழம் ஆனதும் மருந்தைக் கெட்டித்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு ஏணியில் ஏறி ஓட வேண்டும். இந்த வெடிவேலையை அவன் படித்தது அணையில்தான்.

உச்சி வெயிலில் மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏசுவடியாண்ணே! ஏ அண்ணே! செத்த மேல ஏறி வா."

பிச்சையம்மாள். பூந்தோட்டத்தில் துளசியும் செவ்வந்தியும் பறிக்கிற வேலை அவளுக்கு. விரல் நுனியெல்லாம் எந்நேரமும் பச்சையாக இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது. வருசம் தவறாமல் மாற்றிவிடுவாள்.

"என்ன தங்கச்சி, இந்த வெயில்ல?"

"மொக்கைச்சாமி வந்துட்டுப் போனாரு." அவள் மகள் முத்துப்பேச்சியைத் தன் மகனுக்குக் கேட்டு வந்திருக்கிற ராஜபாளையத்து வண்டிக்காரர் அவர்.

"என்ன சொல்லுதாரு?"

"பொண்ணைப் பிடிச்சிருக்காம். பையனுக்கு ரொம்பவே பிடிச்சிருக்காம். ஆனா பந்தல்ல அப்பன் நின்னு தாரை வார்க்கணுமாம். இருக்கான்னா வரட்டும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, தாய்மாமன் நின்னு குடுக்கட்டும். இருக்கான், ஆனா எங்கன்னு தெரியலங்கிற வீட்டுல நாளைக்கு என் மகன் போயி எப்படி உக்காருவான்னு கேக்காரு. நாயமாத்தான கேக்காரு? வைகாசி முடிய தவணை குடுத்திருக்காரு."

"நீ என்ன சொன்ன?"

"கூட்டியாரேன்னு சொன்னேன்."

"யாரை?"

"இது என்ன கேள்வி? உன் கூட்டாளியத்தான்."

ஏசுவடியான் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நைனா முகமது மொதலாளி போன சித்திரைக்கு மதுரையில வெங்காயக் கடை போட்டிருந்தாகல்ல? அழகரு எறங்கையில ஆத்து மணல்ல ஒரு ஆளைப் பாத்தாகளாம். நல்ல நெட்டையாம். எடது காது கிழிஞ்சிருந்துச்சாம். சோலைச்சாமீன்னு கூப்பிட்டதுக்குத் திரும்பாமப் போயிட்டாகளாம். மொதலாளி நேத்துத்தான் சொன்னாக. எனக்கும் சரின்னு படுதுண்ணே. காப்பித் தோட்டத்துல இருந்தாலும் எங்க இருந்தாலும் அன்னைக்கு அங்க வராம இருப்பாகளா? அந்த ஆத்தைக் கட்டுன கையில்லியா? நம்ம மாலை போற கூட்டத்தோட நானும் போறேன். நீயும் வா. என்னைப் பாத்தா வெக்கப்பட்டு ஓடுவாக, உன்னைப் பாத்தா நிப்பாக."

"நைனா முகமதுக்குக் கண்ணு மங்கலாச்சே, தங்கச்சி."

"காதுகூடவா மங்கலாத் தெரியும்?" என்றாள் அவள். மடியிலிருந்து நாலு வெங்காயத்தை எடுத்து அவன் கஞ்சிக் கலயத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தாள்.

அன்று சாயங்காலம் ஏசம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள், "சொல்லீரணும்னா சொல்லீரு. இல்லைன்னா மொனங்காம சாப்பிடு. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து என் உசிரை எடுக்காத." பாவம், அவளும் ஏழு வருசமாகச் சுமக்கிறாள். மாதா மாதம் வேதக்கோயிலில் ராப்போசனம் கொடுக்கும்போது ஏசுவடியான் மட்டும் பின் வரிசையில் உட்கார்ந்துவிடுவான். உபதேசியார் ஒருதரம் கேட்டார். "மனசு சுத்தமில்லை ஐயா" என்றான். அவரும் அதற்கு மேல் தோண்டவில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அந்த ஐப்பசியில் அணை மேட்டில் பேதி விழுந்தது. இரவும் பகலும் மழை. காலையில் கல் சுமந்தவன் பொழுது சாய்வதற்குள் கண் செருகினான். சோலைச்சாமிக்குக் கண்டபோது அவன் கேட்டதெல்லாம் தண்ணீர்தான். "ஏலே, ஒரு வாய் தண்ணி குடுலே" என்று கேட்டான். பேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் போக்கு கூடும், கொடுக்கவே கூடாது என்று அங்கே எல்லாரும் சொன்னார்கள். கொடுக்காமல் இருந்தால் பிழைப்பான் என்று ஏசுவடியானும் நம்பினான். குடிசைக்கு வெளியே பத்து எட்டில் ஆறு இரைந்துகொண்டு போனது. அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, நாக்கு வறண்டு அவன் செத்தான்.

விறகு நனைந்து கிடந்தது. குழி வெட்டினால் வெட்ட வெட்ட நீர் ஊறியது. கடைசியில் அவனுடைய கம்பளியிலேயே அவனைச் சுற்றி, ஏசுவடியானும் இன்னொரு ஆளுமாக ஆற்றில் விட்டார்கள். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் சொந்தக்காரர்கள் ஆற்றுக்கோ கிணற்றுக்கோ போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு, தலைக்கு மேலே வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அந்தத் தண்ணீரில்தான் செத்தவரைக் குளிப்பாட்டுவது. நீர்மாலை என்று பேர். அது இல்லாமல் யாரையும் எடுப்பதில்லை. அங்கே சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர், ஒரு குடம் மொண்டு வர ஒரு சொந்தம் இல்லை.

பங்குனிக் கடைசியில் ஏசுவடியான் ஊர் வந்து சேர்ந்தபோது பிச்சையம்மாள் பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்தாள். மருத்துவச்சி மாரியாத்தாள் வாசலிலேயே மறித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. "பச்சை உடம்புக்காரி. நல்ல சேதின்னா உள்ள போயிச் சொல்லு. கெட்ட சேதின்னா முழுங்கிரு. தீட்டு கழியட்டும்" என்றாள். பெற்றுக் கிடப்பவளிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏசுவடியான் முழுங்கினான். "அவன் அப்பிடியே காப்பித் தோட்டத்துக்குப் போயிட்டான். அடுத்த சித்திரைக்கு வருவான்" என்றான். பிச்சையம்மாள் சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். ஆண் பிள்ளை.

தீட்டு கழிந்தது. சொல்லப் போன அன்று பிள்ளைக்கு மாந்தம். பிறகு வேலைக்கு அழைப்பு வந்து மலை ஏறினான். மறு சித்திரையில் இறங்கி வந்தால் பிள்ளை இல்லை. பிள்ளை போன வீட்டில் புருசனும் போனான் என்று எப்படிச் சொல்வது? "பாத்தேன். நல்லாத்தான் இருக்கான்" என்றான். முதல் பொய் ஊர் வழக்கத்துக்காகச் சொன்னது. இரண்டாவது பொய் அவனுடையது. மாரியாத்தாளும் அதற்குள் கண்ணை மூடிவிட்டாள். இதற்குள் ஊர் தன் பங்குக்கு ஒரு கதை கட்டியிருந்தது. சோலைச்சாமி மலையில் ஒருத்தியை வைத்திருக்கிறானாம், அவளுக்கு மூன்று பிள்ளைகளாம். பெண்டாட்டிக்காக மலை ஏறிச் செத்தவன், பெண்டாட்டியை விட்டு ஓடினவன் ஆகிவிட்டான். அதை நினைக்கும்போதெல்லாம் ஏசுவடியானுக்குச் சோறு இறங்காது.

சித்திரையில் மாலை புறப்பட்டது. மாலைக்கூடையைச் சுமந்து குடை பிடித்துக்கொண்டு கோயில்காரர்கள் முன்னால் போக, பின்னால் முப்பது நாற்பது பேர் நடந்தார்கள். அவர்களுக்கும் பின்னால் கொஞ்சம் தள்ளி ஏசுவடியான். பிச்சையம்மாள் கையில் ஒரு மண்கலயமும் தலையில் ஒரு மூட்டையும் இருந்தன. மூட்டையில் புளிச்சோறு, கருவாட்டுத் துண்டு, மடிப்புக் கலையாத ஒரு புது வேட்டி.

"யாருக்கு வேட்டி?"

"கூட்டிக்கிட்டு வரையில கந்தலோடயா கூட்டிட்டு வாரது? மொக்கைச்சாமி பாக்க மாட்டாரா?"

கிருஷ்ணன்கோயில் தாண்டியதும் கரிசல். தார் சுட்டதுபோலக் கால் சுட்டது. பனைமூட்டுக்குப் பனைமூடு நின்று நின்று நடந்தார்கள். பதநீர் வாங்கிப் பனையோலையில் குடித்தார்கள். ஒவ்வொரு நிழலிலும் ஏசுவடியான் வாயைத் திறந்தான். ஒவ்வொரு நிழலிலும் அவள் முந்திக்கொண்டாள். புருசன் வந்த பிறகு கூரையை எந்தப் பக்கம் இறக்கிக் கட்டுவது, ஆட்டுக்குட்டி பிடிப்பதா வேண்டாமா என்றெல்லாம் அவளுக்குக் கணக்கு இருந்தது. இத்தனை வருசம் கழித்துத் திரும்பி வருகிறவனுக்கு என்ன குழம்பு வைப்பது என்பதுவரை யோசித்திருந்தாள்.

கல்லுப்பட்டியை நெருங்கும்போது கூரைக் கணக்கை விட்டுவிட்டு வேறு பேச்சு எடுத்தாள்.

"அண்ணே, போன ஆடியில ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன?"

"பேச்சி தண்ணிக்குப் போன எடத்துல ஓடுகாலி மகளேன்னு எவளோ ஏசிட்டா. குடத்தைப் போட்டு ஒடச்சிட்டு வந்து அழுதா. எனக்கு அப்பிடியே பத்திக்கிட்டு வந்துச்சு. காளி கோயில் முன்ன போயி நின்னு அவியளை நெனச்சு மண்ணை வாரித் தூத்திட்டேன். நீ வெளங்காமப் போ, உன் நாக்கு வறண்டு போக, அனாதிப் பொணமாப் போகன்னு அம்புட்டும் சொல்லிட்டேன். அவியளைப் பாத்ததும் முதல்ல அதைத்தான் சொல்லி மன்னாப்பு கேக்கணும். பொறவுதான் மத்தது."

ஏசுவடியான் நின்றுவிட்டான். அவள் சொன்ன அத்தனையும் அவள் சொல்வதற்கு ஆறு வருசம் முன்பே அப்படியே நடந்து முடிந்திருந்தது.

"என்னண்ணே நின்னுட்ட?"

"முள்ளு" என்றான்.

குனிந்து இல்லாத முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தான். அவனைத் திட்டத் தோன்றுகிறது. ஆனால் அந்த இடத்தில் நாம் நின்றிருந்தாலும் முள் என்றுதான் சொல்லியிருப்போம்.

மூன்றாம் நாள் மதுரை. ஊர் ஊராகக் கட்டிய வண்டிகள் ஆற்றங்கரையில் அவிழ்ந்து கிடந்தன. ஒரு ஆற்றுக்கு இத்தனை சனம் வரும் என்று பிச்சையம்மாள் நினைத்ததே இல்லை. கரையோரம் முழுக்கப் பந்தல். ஆடும் மாடும், வளையல் கடையும் சட்டிப்பானைக் கடையும், மொட்டைத் தலைகளும், தூளிகளும். கல்யாணம் பேசுகிறவர்கள் ஒரு பக்கம், பங்காளிச் சண்டையைப் பேசித் தீர்க்கிறவர்கள் ஒரு பக்கம். பாதி சீமையின் காரியம் அந்த மணலில்தான் நடந்தது. எல்லாம் இருந்தது. தண்ணீர்தான் இல்லை. அழகர் இறங்குகிற இடத்தில் மட்டும் மணலைத் தோண்டிக் கொஞ்சம் தேக்கி வைத்திருந்தார்கள். மற்றபடி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வெந்த மணல். பெண்கள் அங்கங்கே ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டுகொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே இது? பெரியாத்துத் தண்ணி இங்கதான வருதுன்னாக?"

பானகம் ஊற்றிக்கொண்டிருந்த பந்தல்காரர் திரும்பிப் பார்த்தார். "எந்த ஊரு தாயி?"

"ஸ்ரீவில்லிபுத்தூரு."

"மாலைக்காரவுகளா! வாங்க, குடிங்க. பெரியாத்து மடைய அடைச்சிட்டாக. ஆனி பொறந்துதான் தொறப்பாக. அப்பவும் முக்காவாசி மேலயே வாய்க்கால்ல திரும்பி மேலூர்ப் பக்கம் வயலுக்குப் போயிரும்."

"இதுக்கா எங்க ஆளுக போயி அந்தக் குளிர்ல கெடந்தாக?" என்று கேட்டாள் பிச்சையம்மாள். பந்தல்காரர் இன்னொரு குவளை ஊற்றிக் கொடுத்தார்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அழகர் வந்தார். தங்கக் குதிரை தூரத்தில் தெரிந்ததும் மணல் முழுக்கக் கைகள் எழுந்தன. சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிப் பெண்கள் நீட்டினார்கள். எங்கள் ஊர் மாலை அவர் கழுத்தில் கிடந்தது. பக்கத்தில் நின்ற மாலைக்கூட்டத்து ஆட்கள் கண்ணில் நீர் வழியக் கும்பிட்டார்கள். அந்த மாலைக்குத் தன் கையால் துளசி கிள்ளிய பிச்சையம்மாள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் ஆண்களுடைய இடது காது.

திடீரென்று அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். ஏசுவடியானும் ஓடினான். நெட்டையாக ஒரு ஆள். காது கிழிந்து இரண்டாகத் தொங்கியது. அவள் அவன் முதுகைத் தொட்டுவிட்டாள். அவன் திரும்பினான். அம்மைத் தழும்பு நிறைந்த முகம், நரைத்த மீசை.

"யாரும்மா நீ?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அந்த ஆள் கொஞ்ச நேரம் பார்த்தார். "எவரையோ தேடுற போல. கெடைப்பாரு, போ தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். நைனா முகமது பார்த்த ஆள் இவர்தான்.

வெயில் ஏறியது. சாமி கடந்து போய்விட்டார், கூட்டம் பின்னாலேயே போயிற்று. பிச்சையம்மாள் மணலில் உட்கார்ந்தாள். பிறகு மூட்டையைப் பிரித்து, வேட்டி அழுக்காகிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கட்டினாள்.

"இந்த வருசம் வரல போல. காய்ச்சலோ என்னமோ. அடுத்த சித்திரைக்கு வருவோம்ணே. மொக்கைச்சாமிகிட்ட இன்னொரு தவணை கேக்கேன்."

"அவரு குடுக்க மாட்டாரு."

"குடுக்காட்டி வேற எடம் பாக்கேன். என்ன செய்ய? இருக்கிற மனுசனை இல்லைன்னு சொல்லிக் கல்யாணம் நடத்தச் சொல்லுதியா?"

ஏசுவடியான் அவளுக்கு எதிரே முழங்கால் போட்டு உட்கார்ந்தான்.

"தங்கச்சி, அவன் இல்ல."

"எவரு?"

"சோலை இல்ல. செத்துப் போயி எட்டாவது வருசம் நடக்கு. நீ பெத்துக் கெடந்தப்ப நான் வந்தேன்ல, அதுக்கு முந்துன ஐப்பசியிலயே போயிட்டான். பேதி. காப்பித் தோட்டம் பொய்யி. பாத்தேன்னு சொன்னதும் பொய்யி. அம்புட்டும் பொய்யி."

அவள் அவனையே பார்த்தாள். அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று அவனுக்குத் தெரியும்.

"தண்ணி கேட்டான். குடுக்கக் கூடாதுன்னாக. நான் குடுக்கல. பக்கத்துலயே ஆறு போச்சு. நான் குடுக்கல, தாயி. என் மடியிலதான் தலை கெடந்துச்சு. எரிக்க விறகு காயல. ஆத்துலதான் விட்டோம்."

அடிப்பாள் என்று அவன் நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் இரண்டு கையாலும் மணலை அள்ளினாள். அள்ளிய கை அந்தரத்திலேயே நின்றது. தூற்றவில்லை. விரல் இடுக்கு வழியாக மணல் தானே ஒழுகித் தீர்ந்தது.

"நாக்கு வறண்டு போகன்னு சொன்னேண்ணே" என்றாள். "ஏற்கெனவே வறண்டு செத்த மனுசனைப் பாத்துச் சொல்லியிருக்கேன். என்னைச் சொல்ல வச்சிட்டியே. ஏழு வருசமா அந்த மனுசனை நானும் ஏசி, ஊரையும் ஏச வச்சு, பெத்த பிள்ளையே அப்பன் பேரைச் சொல்லக் கூசிப்போயி... நீ தெனமும் பக்கத்து வீட்டுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

பிறகுதான் அவள் அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடி அழுதாள். நிழலுக்கு ஒதுங்கியிருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

வெகு நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவியளை விட்டியே அந்தத் தண்ணி, அது இந்தப் பக்கந்தான வந்துச்சு? இங்கதான வந்து சேந்திருப்பாக?"

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் இந்த மணலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வருசா வருசம் வந்து ஒரு கை தண்ணீர் விட்டுவிட்டுப் போவாள். அதில் யாருக்கு என்ன நட்டம்? அந்தச் சொல் அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏழு வருசத்துக்கு முன்பும் இப்படித்தான் வந்தது.

"இல்ல, தங்கச்சி. அப்ப மலையைக் குடைஞ்சு முடிக்கல. தண்ணி அப்ப மேக்கதான் போச்சு. மலையாளத்துக் கடலுக்கு."

"மேக்கயா?"

"மேக்கதான்."

அவள் தலையை ஆட்டினாள். "இப்பவாவது நெசத்தைச் சொன்னியே" என்றாள். எழுந்தாள். மண்கலயத்தை எடுத்துக்கொண்டு ஆற்றின் நடுவுக்குப் போனாள். அங்கே குந்தி உட்கார்ந்து கையாலேயே தோண்டினாள். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமானது, இன்னும் தோண்ட நீர் சுரந்தது. கலங்கல் தெளிகிறவரை பொறுத்திருந்து, உள்ளங்கையால் மொண்டு மொண்டு கலயத்தை நிறைத்தாள். பச்சை படிந்த விரல்களில் மணல் அப்பியிருந்தது.

"வாண்ணே. தூக்கு."

"தாயி, நான் வேதக்காரன். சொந்தமும் இல்ல. நீர்மாலையை நான் எப்பிடித் தூக்க?"

"கடைசியில மடியில போட்டிருந்தவன் நீ. ஆத்துல விட்டவன் நீ. உன்னை விட்டா அவியளுக்கு வேற யாரு சொந்தம்? அன்னைக்குக் குடுக்காத தண்ணிய இன்னைக்குத் தூக்கு."

அவன் துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தான். அவள் கலயத்தை ஏற்றிவைத்தாள். மூட்டையிலிருந்து அந்தப் புது வேட்டியை உதறி, அவன் தலைக்கு மேலே விரிக்கப் பார்த்தாள். ஒற்றை ஆளாக முடியவில்லை, ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் சரிந்தது. ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒருத்தி பார்த்தாள். சிரட்டையைப் போட்டுவிட்டு வந்து ஒரு முனையைப் பிடித்தாள். இன்னும் இரண்டு பேர் வந்து மற்ற முனைகளைப் பிடித்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தலைக்கு மேலே வெள்ளை வேட்டி விரிந்தால் அது என்னவென்று அந்த ஆற்றங்கரையில் எல்லாருக்கும் தெரியும்.

"பந்தல்ல பேச்சிக்குத் தாய்மாமன் நின்னு குடுக்கட்டும்" என்றாள் பிச்சையம்மாள், நடந்துகொண்டே. "அப்பன் இல்லாத பிள்ளைன்னு சொல்லிக் குடுத்துருவேன். ஓடிப்போனவன் பிள்ளைன்னு இனி ஒருத்தி சொல்லட்டும், பாக்கேன். ஊருக்குப் போனதும் நீயே காளி கோயில் முன்ன நின்னு சொல்லணும்ணே. எங்கிட்ட சொன்ன மாதிரியே, ஒன்னு விடாம."

"சொல்லுதேன்."

சோலைச்சாமி போன மேற்கைப் பார்த்து நடந்தார்கள். சாமியைத் தேடி வந்த கூட்டம் எதிரே வந்தது. வந்தவர்கள் வேட்டியைக் கண்டதும் பேச்சை நிறுத்தி ஒதுங்கி வழி விட்டார்கள். முனையைப் பிடித்திருந்த பெண் மெல்லக் கேட்டாள்.

"யாரும்மா செத்தது?"

"எம் புருசன்."

"ஐயோ. எப்ப?"

"இப்பத்தான்" என்றாள் பிச்சையம்மாள்.

கலயம் புதிது, அடியில் நீர் கசிந்தது. அது ஏசுவடியானின் நெற்றி வழியாக இறங்கிக் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. இரண்டு கையும் கலயத்தைப் பிடித்திருந்ததால் அவனால் துடைக்க முடியவில்லை.